புதிது-3

இந்த ஊரில் வைரஸ் என்றால் உப்புத்தான்.
யார் என்ன சொன்னாலும் இது என் கட்சி.
டொக்யார்ட் வீதிக் கடையில்
பதினொரு வருடமாய் லப்டொப்புகளைக் கழற்றிப் பார்க்கிறேன்.
திருக்கடலூர் வீட்டு மதர்போர்டில்
செம்பு பச்சையாய்ப் பூத்திருக்கும்.
உவர்மலையில் கொஞ்சம் குறைவு.
கொழும்புக் கம்பனிக்காரன் ஃபோனில்
"தண்ணி பட்டிருக்கு, வாரண்டி இல்லை" என்கிறான்.
தண்ணி படவில்லை ஐயா,
காற்றுப் பட்டது.

எனக்கு அபிப்பிராயங்கள் அதிகம் என்பான்
பக்கத்துக் கடை ஃபர்ஸான்.
இருக்கட்டும்.
அப்டேட்டை மழை இரவில் போடாதே, கரண்ட் போகும்.
ஃபேன் சத்தம் போட்டால் நல்ல குணம்,
சத்தமில்லாமல் சாகிற மெஷின்தான் மோசம்.
மாதக் காசு கட்டி மென்பொருள் வைத்திருப்பது
சொந்தக் கிணற்றுக்கு மீற்றர் பூட்டுவது.
தொடுதிரை மீன்காரருக்கு ஆகாது,
ஈர விரலை அது விரலென்றே எண்ணாது.

பிரதேச செயலகத்தில் இருந்து
புவனலோஜினி அக்கா வந்தார்,
கையில் பென்ட்ரைவ், வாயில் சண்டை.
"யூனிகோட்டுக்கு மாத்தட்டாம், மேலிடத்து உத்தரவு.
என்ர விரலுக்கு ஆர் உத்தரவு போடுறது?"

அவர் விரல்களுக்குப் பாமினி மட்டுமே தெரியும்.
பாமினியில் அம்மா என்பது
எம், கே, அரைப்புள்ளி, கே, எச்.
அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால்
அம்மா அப்படியே கிடப்பாள்
தும்மல் மாதிரி.

நான் யூனிகோட் கட்சி. சொன்னேன்:
தேடலாம், ஃபோனில் வாசிக்கலாம்,
எந்த நாட்டில் திறந்தாலும் தமிழாகவே நிற்கும்.
"எந்த நாட்டில ஆர் என்ர கடிதத்தைத் திறக்கிறான்?
மூதூர் போய்ச் சேருறதே பெரிய காரியம்."

அறுநூற்று நாற்பது கோப்புகள்.
மாற்றுவது பத்து நிமிடம்,
சரிபார்ப்பதுதான் வேலை.
மாற்றும் நிரல் கௌரவத்தைக் கெடுக்கும்,
கொம்பு வேறு ளகரம் வேறாய்ப் பிரித்துவிடும்.
ஆகவே வாசித்தேன்.
வாசிக்காமல் எப்படிப் பிழை பிடிப்பது?

பொதுக்கிணறு இறைக்க விண்ணப்பம்.
அலுவலக வளவுக்குள் மான்கள் புகுந்து
பூங்கன்றுகளைத் தின்ற விவரம், நட்டம் நாலாயிரம்.
நிலாவெளியில் எல்லைக்கல் காணாமற்போன முறைப்பாடு.
விழா அழைப்பு.
விழா பிற்போடப்பட்ட அறிவித்தல்.
புதிது. புதிது-2.
புதிது-3.

புதிது-3 ஒரு இராஜினாமாக் கடிதம்.
எட்டு வருடம் முந்திய தை மாதம்.
காரணம் என்ற இடத்தில் மூன்று வரி.
இங்கே எழுதமாட்டேன்.
எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை,
நிரலும் அதில் எதையும் உடைக்கவில்லை.
கடைசியாகத் திருத்திய திகதி மட்டும்
போன மாதம்.

வெள்ளி பின்னேரம் வந்தார்.
"எல்லாம் வந்திட்டுதோ?"
"வந்திட்டுது அக்கா. கௌரவத்தை மட்டும் கையால திருத்தினன்."
சிரிக்கவில்லை.
மவுஸை என்னிடம் வாங்கி
பெயர்களை மெல்ல உருட்டிக்கொண்டு போனார்.
ஓரிடத்தில் நின்றது.
யூ.பி.எஸ். விட்டுவிட்டுக் கத்தியது,
கரண்ட் எப்போது போனதென்று இருவரும் கவனிக்கவில்லை.

"இந்த ஒண்டை
பழைய எழுத்திலயே விட்டிரு தங்கச்சி."

கடவுச்சொல் பற்றி எனக்கு நீண்ட அபிப்பிராயம் உண்டு:
பன்னிரண்டு எழுத்து, நடுவில் ஒரு குறி,
பிள்ளையின் பெயர் கூடவே கூடாது.
சொல்லவில்லை.
மாற்றியதை அழித்தேன்.
குப்பைத்தொட்டிக்குள் போய் அங்கேயும் அழித்தேன்.
பழையதைப் பாமினி இல்லாமல் திறந்து காட்டினேன்.
திரை முழுக்கத் தும்மல்.
"இப்ப சரி."

எண்ணூறு கேட்டேன், ஆயிரம் தந்தார்,
மிச்சத்துக்கு நிற்கவில்லை.
வெளியே ஃபர்ஸானின் அட்டைப்பெட்டியை
ஒரு மான் தின்றுகொண்டிருந்தது,
பிரிண்டர் படம் போட்ட பக்கத்தில் இருந்து.

அந்தப் பிரிண்டரை வாங்காதீர்கள்.
மை விலை அநியாயம்.